சத்தத்தைக் கூட்டித் தந்துட்டு மாஸ்டரிங் எண்டு 15,000 வாங்கிட்டார்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டில பாட்டுச் செய்யிற ஆக்கள் கவனம்.

கண்ணகி அம்மன் சடங்குக்கு ஒரு பாட்டுச் செய்தம். ஒலிப்பதிவு, மிக்ஸிங் எல்லாம் ஆரையம்பதியில என்ட அறையிலதான். மாஸ்டரிங் (மிக்ஸ் முடிஞ்ச பாட்டுக்குக் கடைசியாச் செய்யிற மெருகு வேலை) மட்டும் வெளியில குடுப்பம் எண்டு கல்முனைப் பக்கம் ஒருவரைப் பிடிச்சன். "அனலொக் மெசினுக்குள்ளால விட்டுத் தாறன் தம்பி" எண்டார். முழுக்காசும் முன்னுக்கு.

அடுத்த நாளே ஃபைல் வந்துட்டு. கல்லடிப் பாலத்தில கார்ல போட்டுக் கேட்டன், கண்ணாடியெல்லாம் அதிருது. பொய் சொல்லக்கூடாது, நானும் குஷியாகிட்டன். சத்தம் கூடினா எதுவும் நல்லாத்தானே கேக்கும். உடுக்கடிச்ச மாமாதான் ரெண்டு தரம் கேட்டுட்டு, "மனே, இதில என்ட அடி எங்க?" எண்டார்.

மீட்டரில போட்டுப் பாத்தன். மைனஸ் 6.5 லஃப்ஸ்! (பாட்டு மொத்தத்தில எவ்வளவு சத்தம் எண்ட அளவு, சைபருக்குக் கிட்டப் போகப் போகச் சத்தம் கூட.) ட்ரூ பீக், அதாவது சத்தத்தின்ட உச்சம், சைபர் எண்ட எல்லையையும் தாண்டி 1.3 டிபி (டெசிபெல்). உடுக்கில அடி விழுற அந்த முதல் சில மில்லிசெக்கனைத்தான் லிமிட்டர் (உச்சச் சத்தத்தை அமுக்கிற கருவி) முதல்ல சீவும். அது போனா மிச்சம் வெறும் தொம் தொம். யூடியூப்பில ஏத்தி ரைட் கிளிக் பண்ணி விபரத்தைப் பாத்தா 100% / 42%, அதாவது பாட்டு 42% அளவிலதான் ஓடுது. சத்தம் கூடின பாட்டை யூடியூப் தன்ட அளவுக்கு இறக்கிடும், அவர் கூட்டினதில 7.5 டிபியை அப்பிடிக் குறைச்சுப் போட்டுது. நசிஞ்ச உடுக்கு நசிஞ்சபடிதான்.

பிறகு ரீப்பர் எண்ட ஒலி எடிட்டிங் சொஃப்ட்வேரில என்ட மிக்ஸையும் அவர்ட ஃபைலையும் பக்கத்தில வச்சு, சத்தத்தைச் சமனாக்கி, ஒண்டின்ட அலையைத் தலைகீழாப் புரட்டிச் சேத்து ஓட்டினன். ரெண்டும் ஒரே மாதிரியெண்டா ஒண்டை ஒண்டு அழிச்சிடும். பாட்டுத் தொடங்கிற மெல்லிய இடத்தில ஒண்டுமே கேக்கல்ல, சுத்த அமைதி. அனலொக் மெசினுக்குள்ளால போன ஃபைல் இப்பிடி முழுசா அழியாது. ஈகியூ (பாஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைக்கிறது) கூடத் தொடல்ல மனுசன். 15,000 ரூபாய்க்கு லிமிட்டரை மட்டும் முறுக்கி விட்டிருக்கார். போன் எடுத்தா "இப்ப எல்லாரும் இந்த லெவல்தான் கேக்காங்க" எண்டார். அடுத்த கோலுக்கு ப்ளொக்.

ஆருக்கும் குடுக்கிறதெண்டா முதல் ஒரு நிமிசத்தை மட்டும் செய்து தரச் சொல்லுங்க, ரெண்டையும் ஒரே சத்தத்தில வச்சுக் கேட்டுட்டுக் காசைக் குடுங்க. எம்பி3 தந்தா வாங்காதீங்க, 24 பிட் வேவ் (தரத்தைச் சுருக்காத ஃபைல்) கேளுங்க.

கடைசியா நானே செய்தன். லிமிட்டர் உச்ச அடியில 2, 3 டிபிக்கு மேல அமுக்காம, சீலிங் (சத்தம் தாண்டக்கூடாத உச்ச எல்லை) மைனஸ் 1 டிபியில. மாமாட அடி திரும்ப வந்துட்டு. ஆனா அதுக்குள்ள சடங்கு முடிஞ்சுது, கோயில் ஸ்பீக்கரில ஓடினது அந்த நசிஞ்ச ஃபைல்தான்.