சமையலறைக்கு இன்வெர்ட்டரா, பெட்ரோல் ஜெனரேட்டரா?

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். மதுரை வெயிலில் அதுவரை மாவு தாங்காது, புளித்துப் பொங்கிவிடும். ஒப்பீட்டுக்கு 900 விஏ சைன்வேவ் (வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் (150 ஏஎச் பேட்டரி), 2 கேவிஏ ஜெனரேட்டர்.

இழுவை:
இன்வெர்ட்டர்: சுமார் 700 வாட். ஃபிரிட்ஜ், டேபிள்டாப் கிரைண்டர் ஓடும். 750 வாட் மிக்ஸியைப் போட்டால் ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடுவதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்த நேரம் கிரைண்டரை நிறுத்தி வையுங்கள்.
ஜெனரேட்டர்: சுமார் 1,600 வாட். மிக்ஸியும் ஃபிரிட்ஜும் சேர்ந்தே ஓடும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டிலுமே ஆகாது.

நேரம், செலவு:
இன்வெர்ட்டர்: கையில் கிடைப்பது சுமார் 1.2 யூனிட். ஃபிரிட்ஜ் மட்டும் என்றால் பகல் பொழுதைத் தள்ளலாம். பேட்டரியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும்.
ஜெனரேட்டர்: பெட்ரோல் ஊற்றும்வரை ஓடும். மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர், அதாவது நூறு ரூபாய்.

பராமரிப்பு:
இன்வெர்ட்டர்: டிஸ்டில்டு வாட்டர் அளவை, கோடையில் மாதாமாதம் பாருங்கள்.
ஜெனரேட்டர்: சும்மா கிடந்தால்தான் கெடும். தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். பெட்ரோல் வால்வை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள், பால்கனியில் வைக்கவே கூடாது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வீட்டு வயரிங்கைத் தெரு லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) இல்லாமல் ஜெனரேட்டரைப் பிளக்கில் செருகினால், கரண்ட் தெரு லைனுக்குத் திரும்பிப் பாய்ந்து, கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கும்.

மாடிக் குடித்தனத்துக்கு இன்வெர்ட்டர். முற்றமும் இட்லிக்கடையும் உள்ளவருக்கு ஜெனரேட்டர்.