கட்டணம் கட்டியும் பூட்டப்பட்ட ப்ரொஃபைல்: டேட்டிங் செயலி ஒன்றின் சந்தா சேவை பற்றி

பெங்களூரில் முப்பதைக் கடந்து, வேலையும் வாடகை வீடுமாகத் தனியாக இருப்பவர்கள் பலருடைய கைபேசியில் இருக்கும் டேட்டிங் செயலி ஒன்றின் கட்டணச் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. அதன் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறை அந்த ஒரு நிறுவனத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. சந்தா கட்டினால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மை விரும்பியவர்கள் யார் யார் என்று பார்க்கலாம். அவசரத்தில் தள்ளிவிட்ட ஒருவரைத் திரும்பக் கொண்டுவரலாம். தூரம், வயது, மொழி ஆகியவற்றை வைத்துச் சலித்தெடுக்கலாம். இவற்றில் மொழியை வைத்துச் சலித்தெடுப்பது மட்டுமே காசுக்குத் தகுந்தது. அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராம்புரம் என்று தலைமுறைகளாகத் தமிழர் வாழும் பகுதிகள் ஒருபுறம் இருக்க, ஐ.டி. வேலைக்காக வந்து ஒயிட்ஃபீல்டிலும் மாரத்தஹள்ளியிலும் தங்கியிருக்கும் தமிழர்களைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்ட இந்த ஊரில் வேறு எளிய வழி இல்லை. மற்ற வசதிகள் பொழுதுபோக்குக்குத்தான் ஆகும்.

நான் ஜெயநகரில் ஒரு தனியார் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். என் அறிமுக வரிகளில், கழுத்துவலி முதுகுவலிக்காரர்களுக்கு மசாஜும் பயிற்சியும் கொடுப்பது என் தொழில் என்றும், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தருவதுண்டு என்றும், சுமாராகச் சமைத்து நன்றாகச் சாப்பிடுவேன் என்றும் எழுதியிருந்தேன். சந்தாத் தொகை வங்கிக் கணக்கிலிருந்து போன சில நாள்களில் என் ப்ரொஃபைல் பூட்டப்பட்டது. வந்த மின்னஞ்சலில் என் பெயர்கூட இல்லை. சமூக வழிகாட்டுதல்களை மீறியிருப்பதாக ஒரு வரியும், அதன் கீழே ‘வணிக நோக்கிலான பாலியல் சேவைகள்’ என்று ஒரு தலைப்பும், முடிவை மாற்ற இயலாது என்று இன்னொரு வரியும் இருந்தன. எந்தச் சொல், எந்தப் படம், யார் கொடுத்த புகார் என்பதற்கு விளக்கம் இல்லை. பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து வந்த கடிதம் அது. வக்கீலாக இருக்கும் என் அத்தை மகன் அதைப் படித்துவிட்டு, “உன்னை யாரும் தப்பா நினைக்கல, ஏன்னா உன்னை யாரும் பாக்கவே இல்ல, மெஷின் பாத்துச்சு, அவ்வளவுதான்” என்றார். இது எனக்கு ஆறுதலா அவமானமா என்று இன்னும் தெரியவில்லை.

அந்த மெஷினுக்கு இவ்வளவு பயம் ஏன் என்று கேட்டால் விடை இந்தியச் சட்டப் புத்தகத்தில் இல்லை. பெரிய டேட்டிங் செயலிகள் பலவும் அமெரிக்க நிறுவனங்களுடையவை. அங்கே 1996-இல் வந்த தகவல்தொடர்புக் கண்ணியச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு, பயனர் எழுதுவதற்குத் தளத்தைப் பொறுப்பாக்கக் கூடாது என்ற பாதுகாப்பை அளித்தது. 2018 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தான ஃபோஸ்டா–செஸ்டா சட்டம் அந்தப் பாதுகாப்பில் ஓர் ஓட்டை போட்டது. பிறருடைய பாலியல் தொழிலை ஊக்குவிக்கும் அல்லது எளிதாக்கும் நோக்கத்துடன் இணையதளம் நடத்துவோருக்கு 10 ஆண்டுகள் வரையும், ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சம்பந்தப்பட்டிருப்பது போன்ற கடுமையான நிலைகளில் 25 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை என்றது அது. மசோதா செனட்டில் நிறைவேறிய சில நாள்களுக்குள் இணைய வரி விளம்பரத் தளமான கிரெய்க்ஸ்லிஸ்ட், துணை தேடுவோருக்கான தன் ‘பெர்சனல்ஸ்’ பகுதியை முழுவதுமாக மூடிவிட்டது. காசுக்கு ஆள் தேடியவர்களோடு, பேச்சுத் துணை தேடியவர்களும் கல்யாணத்துக்கு வரன் தேடியவர்களும் சேர்ந்தே வெளியேற்றப்பட்டார்கள். ஒவ்வொரு விளம்பரத்தையும் படித்துப் பிரிப்பதைவிடக் கடையையே மூடுவது மலிவு என்பதுதான் அந்தக் கணக்கு.

இச்சட்டத்துக்கு முதன்மையான காரணமாகக் காட்டப்பட்ட, பாலியல் விளம்பரங்களுக்குப் பேர்போன பேக்பேஜ் தளம், சட்டம் கையெழுத்தாவதற்கு ஐந்து நாள்கள் முன்பே பழைய சட்டங்களைக் கொண்டே முடக்கப்பட்டுவிட்டது. 2021 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு வெளியிட்ட அறிக்கையிலும், புதிய குற்றப் பிரிவின் கீழ் தொடுக்கப்பட்டதாக ஒரு வழக்கையே குறிப்பிட முடிந்தது. 2023 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது. ஆனால் ‘ஊக்குவித்தல், எளிதாக்குதல்’ என்பவற்றைக் குற்றத்துக்கு உடந்தையாக இருத்தல் என்ற குறுகிய பொருளில்தான் கொள்ள வேண்டும் என்று விளக்கியது. அதற்குள் நிறுவனங்கள் தங்கள் விதிகளை அகலமான பொருளை நினைத்தே எழுதி முடித்திருந்தன. போதாததற்கு, பாலியல் தொழிலுக்குப் பயன்படக்கூடிய செயலிகளுக்கு ஆப்பிள் கடையில் இடமில்லை. கூகுள் பிளே 2021 செப்டம்பர் 1 முதல், பணத்துக்கு ஈடாகப் பழகும் ‘சுகர் டேட்டிங்’ செயலிகளைத் தடை செய்தது. இந்த இரண்டு கடைகளில் இடம் பறிபோனால் செயலியின் பிழைப்பே போய்விடும். ஆகவே பெங்களூர் ஆஸ்டின் டவுனில் உட்கார்ந்து நான் எழுதும் நான்கு வரிகள், எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாட்டின் தண்டனைப் பிரிவுக்கும் இரண்டு கடைகளின் விதிப் புத்தகத்துக்கும் பயந்து சலிக்கப்படுகின்றன.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் படம் வேறாக இருக்கிறது. வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தின் பேரில் பணம் பெற்றுப் பாலுறவு கொள்வது இந்தியாவில் தன்னளவில் குற்றமல்ல. 1956-ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது விடுதி நடத்துவதை, பிறருடைய அந்த வருமானத்தில் வாழ்வதை, ஆளைச் சேர்த்துவிடுவதை, பொது இடத்தில் அழைப்பு விடுப்பதை. இதில் அழைப்பு விடுப்பது தொடர்பான 8-ஆம் பிரிவு, சொல்லாலோ சைகையாலோ பொது இடத்திலிருந்து பார்க்கவோ கேட்கவோ கூடிய வகையில் கவர்வதைப் பற்றிப் பேசுகிறது. முதல் முறை குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சாலையும் சன்னலும் மாடமும் மனத்தில் இருந்த காலத்துச் சட்டம் அது. பொது இடம் என்பதற்கான விளக்கத்தில் பொது வாகனம்கூட இருக்கிறது. கைபேசித் திரை இல்லை. ஆளைச் சேர்த்துவிடுவது பற்றிய 5-ஆம் பிரிவுதான் கனமானது: 3 முதல் 7 ஆண்டுகள் கடுங்காவல். நிறுவனம் பயப்பட வேண்டுமானால் இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

அந்தப் பயத்துக்கும் இங்கே ஒரு மருந்து இருக்கிறது. பாஸி.காம் என்ற ஏலத் தளத்தில் பயனர் ஒருவர் ஆபாச வீடியோவை விற்பனைக்கு வைத்ததற்காக அத்தளத்தின் தலைமை அதிகாரி 2004 டிசம்பரில் டெல்லியில் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கு எழுப்பிய விவாதத்துக்குப் பிறகு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு 2008-இல் திருத்தப்பட்டு, இடைநிலைத் தளங்களுக்கான பாதுகாப்பு விரிவாக்கப்பட்டது. ஒரு பதிவை நீக்கியாக வேண்டிய கடமை நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்த பிறகே எழுகிறது என்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவுபடுத்தியது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம், தன்விருப்பத்தில் இத்தொழிலில் இருக்கும் வயது வந்தோரைக் காவல்துறை தொந்தரவு செய்யக் கூடாது என்றும், அவர்களும் மரியாதையுடன் நடத்தப்பட வேண்டியவர்களே என்றும் வழிகாட்டியது. நான் பார்ப்பது அந்தத் தொழில் அல்ல. ஆனால் அந்தத் தொழிலைப் பார்ப்பவரைக்கூட இப்படி ஒரு வரி மின்னஞ்சலில் வெளியே தள்ளச் சொல்லி இந்நாட்டுச் சட்டம் கேட்கவில்லை.

சரி, இவ்வளவு கண்டிப்பாகச் சலிக்கிறார்களே, தவிடாவது நீங்குகிறதா என்றால் அதுவும் இல்லை. எனக்குக் காட்டப்பட்ட ஆண்களின் ப்ரொஃபைல்களில் ‘பெண்களுக்கு மட்டும், உங்கள் வீட்டிலேயே’ என்று உடம்பு பிடித்துவிட வருவதாகச் சொன்னவை ஏராளம். அவற்றில் ஒன்றில்கூட மசாஜ் என்ற சொல் நேராக இல்லை. எழுத்துக்கு நடுவே புள்ளி, ஓர் எழுத்துக்குப் பதில் எண், பிறகு ஒரு கைக்குறி. ஒளிக்க எதுவும் இல்லாமல் நேராக எழுதிய நான் பூட்டப்பட்டேன். உடைத்து எழுதிய அவர்கள் என் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் கிளினிக்கின் வரவேற்பில் இருக்கும் தம்பி, பெண்களின் பெயரில் உள்ள ப்ரொஃபைல்களைக் காட்டினார்: ரோஜாப்பூ ஸ்மைலி என்றால் பணம்; படத்தின் மூலையில் மிகச் சிறிய எழுத்தில் டெலிகிராம் முகவரி; மேட்ச் ஆனதும் விலைப்பட்டியல்; பிறகு ‘பாதி முன்பணம் யுபிஐ-யில் போடுங்கள், கோரமங்களாவில் அறை இருக்கிறது’. முன்பணம் போனதும் எதிர்முனை மறைந்துவிடும். இந்த வகையில் பெரும்பாலானவை பாலியல் தொழில்கூட அல்ல, வெறும் பண மோசடி என்பதே என் கணிப்பு. ஏமாந்தவர் வெட்கப்பட்டு வெளியே சொல்லமாட்டார் என்பது அதன் மூலதனம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைத்தால் பணத்தை இடையில் நிறுத்திவைக்கவும் வாய்ப்புண்டு. செயலியின் புகார்ப் பட்டியலில் இந்த எண்ணை ஓரத்தில் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க, அதே அறிமுகத்தைத் தமிழ்த் திருமணத் தளம் ஒன்றிலும் போட்டேன். ஒரு சிக்கலும் இல்லை. மத்திய அரசு 2016 ஜூனில் வெளியிட்ட அறிவுரையின்படி, இத்தகைய தளங்கள் தாங்கள் திருமணத்துக்கு மட்டுமே உரியவை, டேட்டிங் தளம் அல்ல என்று அறிவிக்க வேண்டும்; பதிவு செய்பவரின் அடையாள ஆவணத்தையும் கேட்க வேண்டும். ஆவணம் கேட்கப்பட்டது, கொடுத்தேன், தொழில் என்ற கட்டத்தில் பிசியோதெரபி என்று நிரப்பினேன், முடிந்தது. நட்சத்திரம், ராசி, சம்பளம் என்று அடுத்தடுத்த கட்டங்களை நிரப்பும்போது வேறு வகை எரிச்சல் வரும் என்பது தனிக்கதை. ஆனால் ஆள் யார் என்று முதலிலேயே கேட்டுக்கொண்ட இடத்தில், என் தொழிலைப் பற்றிய ஒரு சொல் யாரையும் கலவரப்படுத்தவில்லை. டேட்டிங் செயலியிலும் செல்ஃபிச் சரிபார்ப்பு இருக்கிறது. நான் அதையும் முடித்து நீலக்குறி வாங்கியிருந்தேன். அந்தக் குறி எதற்கும் உதவவில்லை.

பணத்தைத் திரும்பப் பெறுவது பற்றி, இதே நிலையில் இருப்பவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன். ப்ரொஃபைல் பூட்டப்பட்டாலும் சந்தா தானாக நிற்காது. கைபேசியின் செயலிக் கடைக்குள் போய் நாமே ரத்து செய்ய வேண்டும். தானியங்கிப் பிடித்தத்துக்கு முன் வங்கி அனுப்பும் 24 மணி நேர முன்னறிவிப்புக் குறுஞ்செய்தியைப் புறக்கணிக்காதீர்கள். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில், 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்களைக் கொண்ட சமூக ஊடகத் தளம் தானாகவே ஒன்றை நீக்கினால், காரணத்தைச் சொல்லி, மறுப்பதற்கு வாய்ப்பும் தர வேண்டும் என்று இருக்கிறது. நான் அந்த விதியைக் குறிப்பிட்டு, செயலியின் உள்ளே இருக்கும் உதவிப் பகுதிக்கு அல்லாமல், இணையதளத்தின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் இருந்த குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரிக்கு எழுதினேன். அதன் பிறகுதான் மனிதர் ஒருவர் எழுதியது போன்ற முதல் பதில் வந்தது. அங்கும் தீராவிட்டால் 30 நாள்களுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையம் வழியாகவே முறையிடலாம். பணத்துக்குத் தனி வழி: நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இன்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ப்ரொஃபைல் திரும்பக் கிடைத்தது, ஆனால் பழைய மேட்சுகளும் உரையாடல்களும் இல்லாமல் வெறுமையாக. பூட்டிக் கிடந்த காலத்துக்கான பணம் வரவில்லை. அந்தப் புகார் நடந்துகொண்டிருக்கிறது. மொழியை வைத்துச் சலிக்கும் வசதிக்காக ஒரு நட்சத்திரமும், குறைதீர்ப்பு அதிகாரியின் நாகரிகமான பதிலுக்காக அரை நட்சத்திரமும் தருகிறேன். சந்தா எடுத்தே தீர வேண்டும் என்பவர்கள் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். நடனம், யோகா, அழகுக்கலை, பிசியோதெரபி போன்ற தொழில்களில் இருப்பவர்கள் அறிமுகத்தில் வேலை செய்யும் இடத்தின் வகையை மட்டும் எழுதிவிட்டு, கையால் என்ன செய்கிறீர்கள் என்பதை நேரில் சந்திக்கும்போது சொல்லிக்கொள்ளுங்கள்.