ஜக்கரண்டாவா, நமக்குவாலாந்தா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர் விலகத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான்: இந்த வசந்தத்துக்குப் பூப் பார்க்க எங்கே போவது? பிரிட்டோரியா நகரத் தெருக்களின் ஜக்கரண்டா மரங்களுக்கா, நாட்டின் வடமேற்கில் டெய்சிக் காட்டுப்பூக்கள் பூக்கும் நமக்குவாலாந்துக்கா?

காலம்: நமக்குவாலாந்தில் ஆகஸ்ட், செப்டம்பர். பிரிட்டோரியாவில் அக்டோபர், நவம்பர்.

பயணம்: பிரிட்டோரியாவுக்குக் காரிலேயே ஒரு பகலில் போய்விடலாம். நமக்குவாலாந்துக்குக் கேப்டவுன் வரை விமானம், அப்புறம் வடக்கே 500 கிலோமீட்டர் போல சாலை. செலவும் அதற்கேற்ப.

நிச்சயம்: ஜக்கரண்டா ஆண்டுதோறும் தெருவை ஊதாவாக்கிவிடும். நமக்குவாலாந்து டெய்சிகள் குளிர்கால மழையை நம்பியவை. மழை பெய்திருந்தாலும் மேகம் மூடினால் இதழைக் குவித்துக்கொள்ளும். ஆனால் நல்ல வெயில் நாளில், நடுப்பகலில், சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் அத்தனை ஆரஞ்சுப் பூக்களும் நம் முகத்தையே பார்க்கும். அதற்கு ஈடே இல்லை.

ஜக்கரண்டா தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். கடல் தாண்டி வந்து வேர்விட்டதாலோ என்னவோ, எனக்கு அதன்மேல் தனிப் பாசம்.

பாட்டி, தாத்தாவோடு போகிறீர்களா? பிரிட்டோரியாதான் சரி. காரில் இருந்தபடியே பார்க்கலாம். அங்கே மராபாஸ்டாட் பகுதியில் இருக்கும் மாரியம்மனையும் கும்பிட்டு வரலாம். ஒரு வாரம் விடுப்பும் நடக்கத் தெம்பும் இருந்தால், மழை பெய்த ஆண்டாகப் பார்த்து நமக்குவாலாந்துக்குக் கிளம்புங்கள்.