மடக்கு லைட் பாக்ஸும் வாய்க்கால் சாஷேயும்

ஆன்லைனில் பல பெயர்களில் விற்கும் 40 செ.மீ. மடக்கு லைட் பாக்ஸ், அதாவது உள்ளே எல்இடி விளக்கு வைத்த படம் பிடிக்கும் பெட்டி, கவரிங் நகையும் பொம்மையும் விற்பவர்களுக்காகச் செய்தது. பொருள் நிழலே இல்லாமல் பளிச்சென்று தெரியும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை விற்பனைக்குப் படம் பிடிக்க இது போதும். நாம் வாங்கிக் குவிப்பதையே படமாக்க நினைப்பவர்களுக்கு மட்டும் இதை இருக்கிறபடியே பரிந்துரைக்க முடியாது. நிழல் போனால் பொருள் பட்ட பாடும் போய்விடும். கசங்கிய சாஷேகூட விளம்பரமாகிவிடும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் 1972-ல் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளை எடுத்த படங்கள், 1975-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொங்கின. டெல்டாவில் அந்த வேலைக்குப் பொருள் தேடி அலைய வேண்டாம். மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது மதகு ஓரத்தில் ஷாம்பு சாஷே ஒதுங்கும். சாஷே ஷாம்பு வியாபாரம் வளர்ந்ததே பக்கத்துக் கடலூரில்தானே! அலசி நிழலில் காயவையுங்கள், வெயிலில் சுருண்டுகொள்ளும்.

பெட்டியில் ஒரு எல்இடி பட்டையை அணைத்துவிட்டு, மற்றதைக் கழற்றி இடது பக்கம் ஒட்டுங்கள். அப்படியே எடுத்தால் சாஷேயின் பளபளப்பில் எல்இடி புள்ளிபுள்ளியாகத் தெரியும். பட்டைக்கு 5 செ.மீ. முன்னால் இரண்டு தாள் பட்டர் பேப்பர் கட்டினால் அடங்கும். வலது பக்கம் கறுப்பு சார்ட் வைத்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் கறுப்பு விளிம்பு கிடைக்கும். கேமராவில் எடுத்தால் டிரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 2 நொடி டைமர். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைக் குறைக்காதீர்கள். மலிவான டிம்மர் விளக்கை வேகவேகமாக அணைத்து அணைத்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது, செல்போன் படத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழும்.

நிறம்தான் பெரிய குறை. மலிவு எல்இடியில் சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகும், கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மாற்றினாலும் முழுசாகத் திரும்பாது. கூட வரும் பிவிசி பின்னணித் திரையில் மடிப்பு விழுந்திருக்கும். அயர்ன் வைத்தால் சுருங்கிவிடும், குழாயில் சுற்றி வையுங்கள்.

இதில் எடுக்கவே முடியாதது பந்தி இலை. திருவையாற்று வாழை இலையையும் பிளாஸ்டிக் பூச்சு பேப்பர் இலையையும் ஒட்டி வைத்துப் பாருங்கள். நிஜ இலையில் நரம்பு ஏறி இறங்கும், பக்க வெளிச்சத்தில் கோடுகோடாக நிழல் விழும். பேப்பர் இலையில் நரம்பு வெறும் அச்சு, நிழலே விழாது. படமே அந்த வித்தியாசம்தான். முழு இலை 40 செ.மீ. பெட்டிக்குள் அடங்காது, நிழலும் வேண்டும்.

அதற்கு ஜன்னலும் பட்டர் பேப்பரும் போதும். ஐப்பசி முதல் மாசி வரை வடக்கு ஜன்னல். வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று எல்லோரும் சொல்வது மே முதல் ஜூலை வரை நம் ஊருக்குப் பொருந்தாது. அப்போது சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நேர் வெயில் உள்ளே விழும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.