கண்முன் அரைத்த காபித்தூளா, பாக்கெட் தூளா?

எங்கள் வீட்டில் வாரத்துக்குக் கால் கிலோ காபித்தூள் ஆகும். அரைத்துத் தரும் கடைக்குத்தான் போகிறேன். பீபெரி 100 கிராம், பிளாண்டேஷன் ஏ 100 கிராம் என்று இரண்டு வகைக் காபிக்கொட்டையைக் கடைக்காரர் நம் எதிரிலேயே தராசில் நிறுத்து மிஷினில் கொட்டுகிறார். வாசனை தெருமுனை வரை போய் இன்னும் இரண்டு பேரை இழுத்து வருகிறது. கடைசியில் 50 கிராம் சிக்கரி வேர்த்தூள். அதைச் சேர்க்கும் முன் கரண்டியை நிறுத்தி, "போதுமா சார்?" என்று முகத்தைப் பார்க்கிறார். எனக்கு நம்பிக்கை வருவது அந்த இடத்தில்தான். பொட்டலம் கையில் வெதுவெதுப்பாக இருக்கும்.

பாக்கெட் தூளுக்கும் யாரோ உழைத்திருக்கிறார்கள், நாம் பார்ப்பதில்லை. ஆனால் சிக்கரி எத்தனை சதவீதம் என்று உறையில் போட்டாக வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. பிரிக்காதவரை மணமும் நிற்கும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்ப அதுதான் சரி.

தினசரி டிகாக்‌ஷனுக்கு என் ஓட்டு அரைத்த தூளுக்கே. கொட்டை என்றைக்கு வறுத்தது என்பது மட்டும் அரைப்பதைப் பார்த்தால் தெரியாது. அதைக் கேட்டு வாங்குங்கள். தயங்காமல் நாள் சொல்கிறவரிடம்தான் நான் வாங்குகிறேன்.