ராமேஸ்வரத்தில் கடலடிப் படம் எடுக்க முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

போன நவம்பரில் நானும் தம்பியும் ராமேஸ்வரம் பக்கம் ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு கடலுக்குள் பார்ப்பது) போய் ஏமாந்து வந்தோம். அதே ஆட்கள் இந்த டிசம்பர் விடுமுறைக்கும் விளம்பரம் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

"கடலடிப் படப்பிடிப்புக்கென்றே தனிப் பயணம், பவளப்பாறை உறுதி, கடல் குதிரை உறுதி" என்று இன்ஸ்டாகிராமில் இருந்தது. ஆளுக்கு 3,500 ரூபாய், முழுவதும் முன்பணம். தண்ணீர் தெளிவாக இருக்குமா என்று போனில் இரண்டு தடவை கேட்டேன். "படத்துல பாக்குறீங்கல்ல அக்கா, அப்படியே இருக்கும்" என்றார்கள்.

விடிகாலையில் எங்களைத் தீவின் வடகரைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே டீக்கடையில் இருந்த பெரியவர் கேமராவைப் பார்த்துவிட்டு, "வாடை அடிக்கையில பெண் கடல்ல எதைம்மா பாக்கப் போறீங்க?" என்றார். அந்த ஊரில் வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடக்கு அமைதியாக இருக்கும், தெற்கு கொந்தளிக்கும். வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, தொடங்கினால் நிலைமை மாறி, ஆழமில்லாத வடகடலில் அடிச்சேறு கிளம்பிக் கலங்கிவிடும். கடலோரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற விஷயம் இது. பணம் வாங்கியவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

இறங்கினால் நீட்டிய கை தெரியவில்லை. டார்ச் அடித்தால் மிதக்கிற துகளெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. எந்தக் கேமராவாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

சரி, பணம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அடுத்து நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை. அவர்கள் கூட அனுப்பிய பையன் கடல்புல்லுக்குள் முங்கி, மூடிய கையோடு மேலே வந்தான். விரித்தால் உள்ளங்கையில் ஒரு கடல் குதிரை, வாலை அவன் விரலில் சுற்றிக்கொண்டு. "சீக்கிரம் எடுங்க அக்கா." செவுளால் மூச்சு விடுகிற உயிரை வெயிலில் தூக்கிப் பிடித்திருந்தான். விடச் சொல்லிக் கத்தினேன். படகுக்கு அந்தப் பக்கம் வீசினான், புல்லே இல்லாத இடத்தில். கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. பிடிப்பதே குற்றம். அவர்கள் சொன்ன "உறுதி" இதுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கடல் எங்க கையிலயா இருக்கு?" என்றார்கள். அப்புறம் என் போன் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து விளம்பரப் படத்தை, ஒரு படம் இணையத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று தேடிக் காட்டும் கூகுள் லென்ஸில் போட்டால், அது மாலத்தீவு விடுதி ஒன்றின் படம். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

அதனால், எந்தக் கடல், எந்த மாதம் என்று கேளுங்கள். அதே வாரம் அதே இடத்தில் தண்ணீருக்குள் எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். "தீவில் இறக்குகிறோம்" என்றால் வனத்துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, நினைத்தபடி யாரும் இறங்க முடியாது.

டிசம்பருக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இன்றே போன் செய்து, வடகரையா தென்கரையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.