'டிப்ஸோடு சேர்த்தால் 18,000 தாண்டும்' என்று ஆள் எடுக்கிறார்களா? கவனம்

கும்பகோணம் பக்கம் லாட்ஜ், ரிசார்ட் வேலைக்குப் போகிறவர்கள், குறிப்பாக கேட்டரிங் படித்துவிட்டு முதல் வேலைக்குக் கிளம்பும் தம்பி தங்கைகள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். 2028 மகாமகம் நெருங்க நெருங்க இன்னும் ஆள் எடுப்பார்கள். நான் வேலை பார்த்த இடத்தின் பெயரைப் போடவில்லை.

"சம்பளம் 12,000, டிப்ஸோடு 18,000 தாண்டும்" என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிறவர்கள், தாராசுரம் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை. கையில் டிப்ஸ் வாங்கக் கூடாது, எல்லாம் பொதுப் பெட்டியில் போட வேண்டும், மாதக் கடைசியில் சர்வர், கிச்சன், ரூம் பாய், பாத்திரம் கழுவும் அக்காக்கள் எல்லோருக்கும் பிரித்துத் தருவோம் என்றார் மேனேஜர். அது நியாயம்தான். பாத்திரம் கழுவுகிறவரைத் தேடி வந்து யார் டிப்ஸ் கொடுக்கப் போகிறார்கள்?

ஆனால் பெட்டிச் சாவி மேனேஜரிடம். எண்ணும்போது எங்களில் ஒருவரையும் பக்கத்தில் விட மாட்டார். அப்புறம் மேசைக்கு மேசை ஒரு கியூஆர் அட்டை வந்தது. 'எங்கள் ஊழியர்களுக்கு உங்கள் அன்பளிப்பு' என்று அழகாக அச்சடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தால் பணம் போவது முதலாளி கணக்குக்கு. கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று, "500 போட்டிருக்கோம் தம்பி, எல்லாரும் பிரிச்சுக்குங்க" என்று போனைக் காட்டிவிட்டுப் போனது. அந்த மாதம் முழுவதற்கும் என் பங்காக வந்தது 340 ரூபாய். முகூர்த்த மாதம் வேறு.

கணக்குக் கேட்டோம். உடைந்த பிளேட், காணாமல் போன துண்டு எல்லாம் அதில்தான் கழித்தோம் என்றார்கள். சூப்பர்வைசருக்கு இரண்டு பங்காம். இது போதாதென்று பில்லில் 5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். அதைப் பார்க்கிறவர், பையன்களுக்குத்தான் போகிறது என்று நினைத்து டிப்ஸ் வைக்காமல் எழுந்து போய்விடுவார். எங்களுக்கு அதில் ஒரு பைசா வந்ததில்லை. திரும்பக் கேட்ட எனக்கு முதலில் நைட் ஷிப்ட், பிறகு "நாளையிலிருந்து வர வேண்டாம்". கடைசிச் சம்பளத்திலும் உடைசல் கணக்கு!

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்த பிறகு பிடித்த சம்பளம் திரும்ப வந்தது. உடைசல் என்று இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. அந்த ஆளின் கவனக்குறைவு என்று காட்டி, அவர் விளக்கத்தையும் கேட்ட பிறகுதான் கழிக்கலாம். வேலையை விட்டு நிறுத்தினால் பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

டிப்ஸ் பணம் மட்டும் இன்னும் வரவில்லை. டிப்ஸை இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் முதலாளி சொல்வதுபோல் அது அவர் பணமும் இல்லை. 2016இல் ஐடிசி ஓட்டல் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் கார்டில் போடும் டிப்ஸை ஓட்டல் வாங்கிக் கொடுப்பது ஊழியர்களுக்கான அறங்காவலர் நிலையில், அதாவது அவர்கள் பணத்தைப் பொறுப்பாக வைத்திருந்து கொடுப்பவராகத்தான் என்று சொன்னது. வருமான வரி பற்றிய வழக்குதான், ஆனால் பணம் யாருடையது என்பது அதிலேயே தெளிவு. 1976இல் ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் வழக்கில், டிப்ஸ் கிடைக்கிறதே என்று காட்டிப் பஞ்சப்படியை மறுக்க முடியாது என்றது.

லண்டனில் ஓட்டல் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனிடம் புலம்பினேன். அங்கே 2024 அக்டோபர் 1 முதல் சட்டமே வந்துவிட்டது. வரி தவிர எதையும் கழிக்காமல் முழு டிப்ஸும் அடுத்த மாத முடிவுக்குள் ஊழியர் கைக்குப் போக வேண்டும். எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், கணக்கை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், ஊழியர் கேட்டால் அவர் பங்குக் கணக்கைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கேட்க வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

வேலைக்குச் சேரும் முன் பெட்டி யார் முன்னால் திறக்கப்படும், கியூஆர் யார் கணக்கு, எத்தனை பங்கு என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது பதிலாக வாங்கி வையுங்கள். டிப்ஸைக் கூட்டிச் சொன்னால் அதை ஒதுக்கிவிட்டு, வெறும் சம்பளம் கட்டுப்படியாகுமா என்று மட்டும் பாருங்கள்.

சாப்பிட வருகிறவர்களே, சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்பது 2022 ஜூலையிலிருந்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்துவிட்டது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். கொடுக்க மனமிருந்தால் ஸ்கேன் வேண்டாம், கையில் கொடுத்து "கிச்சனுக்கும் சேர்த்து" என்று சொல்லுங்கள். நாங்களே பிரித்துக்கொள்கிறோம்.